மரத்தில் பொட்டு வைக்காதே

"மத்தியானம் ரெண்டு நாப்பதுலேர்ந்து ரெண்டு நாப்பத்தஞ்சு வரைக்கும் கண் அசந்துட்டேன். இதை இங்கிலீஷ்ல எழுதிக் குடு ஸ்டெல்லாம்மா."

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுகோடியில் அந்த நகைக்கடன் ஆபீசில் கேஷியராகச் சேர்ந்து எனக்கு மூன்றாவது நாளோ நான்காவது நாளோ. வாசலில் டபுள் பேரல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் ஆள், டியூட்டி ரிஜிஸ்டரை என் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறார். தான் தூங்கியதைத் தானே எழுதச் சொல்கிறார்.

"யாருமே பார்க்கலையேண்ணா," என்றேன்.

"தூங்கினவன் நான்தானே. எனக்குத் தெரியுமே," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கீழே கையெழுத்துப் போட்டார். சாயந்தரம் மேனேஜர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "யோவ், ஹெட் ஆபீஸ்காரன் வந்து இதைப் படிச்சா என்னய்யா நினைப்பான்?" அவர் விறைப்பாக நின்று, "நெஜம்னு நினைப்பான் சார்," என்றார். கேலியே இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

எங்களுக்கெல்லாம் அவர் கன்மேன் அண்ணா. அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. அந்த ரிஜிஸ்டரில் அதை நூறு தடவையாவது என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன். அந்தப் பெயரை எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பட்டாளத்திலிருந்து வந்தவர். திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊர். எனக்கு அப்போது முப்பத்திரண்டு, அவருக்கு அறுபது ஆகப்போகிறது. உயரமும் இல்லை, மீசையும் பெரிதில்லை. கன்மேன் என்றால் ஜனங்கள் எதிர்பார்க்கிற எதுவும் அவரிடம் கிடையாது. அந்த வேலைக்கு லைசென்சோடு சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறவரைத்தான் எடுப்பார்கள். பட்டாளத்தை விட்டு வந்ததும் பழைய துப்பாக்கி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். "இது கையில இருந்தா நான் கன்மேன். இல்லாட்டி வாட்ச்மேன்," என்பார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை. ஒளிக்காமல் சொல்வதால் கேட்க நன்றாகவே இருக்கும்.

துப்பாக்கியில் தோளுக்குப் பொருத்திக்கொள்ளும் மரப்பகுதியை அவர் 'கட்டை' என்பார். வால்நட் மரம். அதில் எத்தனை கீறல் உண்டோ அத்தனைக்கும் அவரிடம் பதில் இருந்தது. இந்தக் கோடு, மெஜெஸ்டிக்கில் பஸ் ஏறும்போது படிக்கட்டுக் கம்பி உரசியது. இந்தக் கருப்புப் புள்ளி, கொசுவர்த்தி சாய்ந்து சுட்டது. அடிப்பக்கம் இரண்டு சின்னப் பள்ளம், அவர் பெண்ணுக்குப் பல் முளைக்கிற வயதில் தவழ்ந்து வந்து கடித்தது. அதைக் காட்டும்போது மட்டும் சிரிப்பார். "தோட்டா எல்லாம் பீரோவுல பூட்டியிருந்துது. ஆனாலும் தப்புதான். கைக்கு எட்டற மாதிரி வெச்சது என் தப்பு." அந்தப் பெண் வளர்ந்து, கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு இவர் வீட்டுக்கு வந்திருந்தாள்.

எலக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தடவை ஓட்டு எண்ணி முடிந்து திருப்பி வாங்கப் போனவர் மதியம் வரை வரவில்லை. என்ன ஆச்சோ என்று மேனேஜர் என்னை ஆட்டோவில் அனுப்பினார். போய்ப் பார்த்தால், இவர் கவுண்டர் முன்னால் அசையாமல் நிற்கிறார். துப்பாக்கியில் சீட்டைக் கட்டியிருந்த கம்பி உரசி, கட்டையில் நகத்தளவு புதுக் கீறல். அதை எழுதிக் கொடுங்கள் என்று நிற்கிறார். நஷ்ட ஈடா வேணும் என்று கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம், எப்போது வந்த கீறல் என்று காகிதத்தில் இருந்தால் போதும் என்றார். கடைசியில் ஏட்டையா கையெடுத்துக் கும்பிட்டு, "ஆய்த்து மாராயா, பரெது கொட்தீனி," என்று கன்னடத்தில் சலித்துக்கொண்டு எழுதியே கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் சிரித்த சிரிப்புக்கு டிரைவரே திரும்பிப் பார்த்தான்.

"சிரி, சிரி. எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியாத கீறல் ஒண்ணு இருந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா," என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன்னைத்தான் இப்படித் துருவுவாரே தவிர, மற்றவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு சரி, நம்பிவிடுவார். எங்கள் அட்டெண்டர் ஒருவன் சரியான சோம்பேறி. மொட்டை மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டேன் என்று வாய்கூசாமல் பொய் சொன்னான். குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கன்மேன் அண்ணா சாப்பாட்டு நேரத்தில் மாடி ஏறி, வெயிலில் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டை தேடினார். "அவன் மோட்டார் போட்டேன்னு சொல்றானே. அப்போ எங்கியோ ஒழுகுது." அவன் பொய் சொல்லியிருக்கலாம் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் கீழே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

இப்போது ஆயுதபூஜைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் வளவளவென்று பேசினது அதைத் தள்ளிப்போடத்தான்.

நாங்கள் காக்ஸ் டவுன் கத்தோலிக்கர்கள். ஆனால் ஆபீஸ் ஆயுதபூஜை என்றால் நான்தான் முதல் ஆள். மாவிலை கட்டுவது, கோலம் போடுவது, பொரி கட்டுவது எல்லாம் என் ராஜ்ஜியம். அந்த வருஷமும் அப்படித்தான். ஹாலில் நீள மேஜையைப் போட்டு, வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த சிவப்புப் பெட்ஷீட்டை விரித்தேன். தராசு, நோட்டு எண்ணும் மிஷின், சாவிக்கொத்து, நடுவில் துப்பாக்கி. தோட்டாக்களைக் கழற்றி இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு, கைக்குழந்தையைக் கிடத்துகிற மாதிரிதான் அதை மேஜைமேல் வைத்தார்.

"இரும்புல வெச்சுக்கோ. மரத்துல பொட்டு வைக்காதே. எண்ணெய் குடிச்ச மரம் அது, குங்குமம் உள்ள இறங்கிடும்," என்றார். வருஷா வருஷம் சொல்வதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வாழைக்கன்றுகளோடு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் சீக்கிரம் இறக்கச் சொல்லிக் கத்துகிறான். அட்டெண்டர் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தான், மேனேஜர் வங்கிக்கு. ஹாலில் நானும் இவரும்தான். "நீங்க போய் இறக்குங்கண்ணா, நான் பார்த்துக்கறேன்," என்றேன். அவர் தயங்கினார். துப்பாக்கியை அவர் இன்னொருத்தரிடம் விட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு, "நான் வர்ற வரைக்கும் கண்ணை எடுக்காதே ஸ்டெல்லாம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணை எடுக்கவில்லை. சத்தியமாக எடுக்கவில்லை. பெட்ஷீட்டில் ஒரு மடிப்பு இருந்தது. அது என் கண்ணை உறுத்தியது. ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். அவ்வளவுதான். துப்பாக்கி சரிந்து, கட்டைப்பக்கம் கிரானைட் தரையில் 'டங்'கென்று விழுந்தது. வெளியே ஆட்டோ என்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

எடுத்து வைத்தேன். கட்டையின் முனையில் ஒரு நசுங்கல். கை பிடிக்கிற கழுத்துப் பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். யேசுவே, யேசுவே என்று வாய் சொல்கிறது. கை என்ன செய்தது தெரியுமா? குத்துவிளக்கில் இருந்த எண்ணெயைத் தொட்டு நசுங்கலில் தேய்த்தது. சந்தனத்தைக் குழைத்து விரிசல்மேல் அப்பி, அதன்மேல் குங்குமத்தைப் பட்டையாக வைத்தது. அவர் உள்ளே வரும்போது நான் சாவிக்கொத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

"மரத்துல வெச்சிட்டியேம்மா," என்றார்.

"அய்யோ, மறந்துட்டேண்ணா!" என்றேன். நடிப்பு எனக்கு அவ்வளவு நன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"போவுது விடு. பூஜை முடிஞ்சதும் தொடைச்சிக்கறேன்."

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்து, பொரி தின்று, எல்லோரும் கிளம்பும் நேரத்தில் அவர் துணியால் கட்டையைத் துடைத்தார். சந்தனம் போயிற்று, மேலே இருந்த குங்குமமும் போயிற்று. விரிசலுக்குள் இறங்கிய குங்குமம் மட்டும் போகவில்லை. என் கண்ணுக்கே சரியாகத் தெரியாத விரிசல், இப்போது சிவப்பு நூல் ஒட்டினதுபோல் பளிச்சென்று தெரிந்தது. நான் மறைக்க வைத்ததுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

அவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நசுங்கலையும் விரலால் தடவிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"குங்குமம் உள்ள போயிருக்குதுன்னா, நீ பொட்டு வைக்கும்போதே விரிசல் இருந்திருக்குது. நான் ஆட்டோவாண்ட போயிருந்தப்ப இது கீழ விழுந்துச்சாம்மா?"

கோபமில்லை. ரிஜிஸ்டரில் எழுத மணி கேட்பதுபோல்தான் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் அந்த மாதம் ஏற்கெனவே எனக்கு ஒரு மெமோ வந்திருந்தது. வேலை நிரந்தரமாக இரண்டு மாதம் இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் காரணம் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த நொடியில் இது ஒன்றும் மனதில் ஓடவில்லை. பயம், அவ்வளவுதான். திட்டு வாங்கப்போகிற பிள்ளைக்கு வருகிற பயம்.

"இல்லையேண்ணா. நான் இங்கியேதான் இருந்தேன்," என்றேன்.

"சரிம்மா," என்றார்.

அதற்குப்பிறகு அவர் என்னை அதுபற்றிக் கேட்கவே இல்லை. கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தொட்டியில் ஓட்டை தேடின மனுஷன்தானே.

மறுநாள் காலையில் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுத வேண்டும். கட்டையில் விரிசல். எப்போது ஏற்பட்டது என்று தெரியவில்லை. தினமும் பார்க்கிறவன் பார்க்கத் தவறிவிட்டேன். என் கையிலிருந்து எங்கேயோ தவறி விழுந்திருக்க வேண்டும், அது என் நினைவில் இல்லை. என் கவனக்குறைவு. ஒவ்வொரு வரியாக எழுதினேன். 'நெக்லிஜென்ஸ்' என்ற வார்த்தைக்கு ஸ்பெல்லிங் சரியா என்று டிக்‌ஷனரி வேறு பார்த்தேன். என் தலையில் இடி விழ!

அதன்பிறகு பத்து நாள் லீவு போட்டு, கட்டையைச் சரி செய்தார். வேறு கிளையிலிருந்து ஒரு கன்மேன் வந்து வாசலில் உட்கார்ந்தார். வீட்டில் பச்சைக் குழந்தை, மரத்தூளும் எண்ணெய் நெடியும் ஆகாது என்று, பேரலை எங்கள் ஸ்ட்ராங் ரூமில் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் கழற்றி ஆபீஸ் பின்பக்கம் ஜெனரேட்டர் கொட்டகையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியமானால் நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். வேறு எங்கேயும் சாப்பாடு இறங்கவில்லை. அங்கேயும் இறங்கவில்லை.

முதலில் உடைந்த கண்ணாடித் துண்டால் பழைய வார்னிஷைச் சுரண்டினார். சுருள் சுருளாக விழுந்தது. பழைய டூத்பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து விரிசலைத் தேய்த்தார். ரோஸ் கலரில் தண்ணீர் வழிந்தது. தேய்க்கத் தேய்க்க வழிந்துகொண்டே இருந்தது, சிவப்பு மட்டும் போகவில்லை. இரண்டு டியூபைக் கலக்குகிற பசையைக் கலந்து, ஊசி முனையால் விரிசலுக்குள் இறக்கி, சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்து இறுக்கிக் கட்டினார்.

"உங்க வீட்ல அயர்ன் பாக்ஸ் இருக்குதா ஸ்டெல்லாம்மா?"

கொண்டுபோய்க் கொடுத்தேன். நசுங்கின இடத்தில் ஈரத்துணியை மடித்து வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. நான்கு தடவை அப்படிச் செய்ததும் பள்ளம் மேலே எழும்பி சமமாகிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"மரம் முறியலை, அழுங்கிதான் இருந்துச்சு. அதான் வந்துடுச்சு," என்றார். பிறகு விரிசலைத் தொட்டு, "இது வராது," என்றார்.

அடுத்த நாள் உப்புத்தாள். முதலில் கரகரப்பானது, பிறகு நைஸானது. தண்ணீர் தொட்டுத் துடைத்தால் மரத்தில் பூனைமுடி மாதிரி சிலிர்த்துக்கொள்ளும், அது காய்ந்ததும் திரும்பவும் தேய்ப்பார். ஒவ்வொரு கீறலும் அழிவதற்கு முன்னால் அதைத் தொட்டு, எங்கே எப்போது வந்தது என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் தேய்த்தார். பஸ் படிக்கட்டு போயிற்று, கொசுவர்த்தி போயிற்று, ஸ்டேஷன் கீறலும் போயிற்று. பெண் கடித்த இடம் வந்ததும் கை நின்றது. அதைச் சுற்றித் தேய்த்தார், அதன்மேல் தேய்க்கவில்லை. "இது எப்படி வந்துதுன்னு தெரியும். இருக்கட்டும்."

பிறகு எண்ணெய். காய்ச்சின லின்சீட் ஆயிலை நான்கைந்து சொட்டு விட்டு உள்ளங்கையாலேயே தேய்க்க வேண்டும், கை சுடுகிற வரைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, அதற்குமேல் கிடையாது. எண்ணெய் ஏற ஏற மரம் கறுத்து மினுமினுத்தது. அந்தச் சிவப்புக் கோடும் கூடவே மினுமினுத்தது. வார்னிஷ் மங்கலில் இருந்ததைவிட இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு மதியமும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நான் போகும்போது அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, புறங்கைமேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளின் ஓரம் லேசாக ஆடியது.

"பார்த்தியா? ஆடுது."

"எல்லாருக்கும் ஆடும்ணா," என்றேன்.

"இருக்கலாம். ஆனா எல்லாரும் துப்பாக்கி தூக்கறதில்லையே." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "இவ்ளோ வெயிட்டான சாமானைக் கீழ போட்டிருக்கறேன், போட்டதே தெரியலை. பாப்பாவை நான் இப்போ தூக்கறதில்லைம்மா. எம்பொண்ணு கேக்குது, ஏம்பா பாப்பாவைக் கையில வாங்க மாட்டேங்கறேன்னு. நீயே மடியில போடு, நான் எழுந்திருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். தூக்கிட்டு நடந்து, தவற விட்டுட்டா?"

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். "அண்ணா," என்று ஆரம்பித்தேன்.

"என்னம்மா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். என்ன சொன்னாலும் நம்புகிற முகம். "இந்த எண்ணெய் வாசனைக்குத் தலைவலிக்குது," என்றேன்.

"அப்போ இங்க உட்காராதே, போ, போ," என்று கையை ஆட்டி என்னை அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி வீட்டில் நானும் புறங்கையில் தாளை வைத்துப் பார்த்தேன். என் தாள் அவருடையதைவிட அதிகமாக ஆடியது.

அந்த ஞாயிறு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "ஆண்டவர்கிட்ட சொன்னது நல்லது. அந்த மனுஷன்கிட்டயும் போய்ச் சொல்லிடும்மா," என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மாதம் இரண்டு தெரு தள்ளி வேறு கோயிலுக்குப் போனேன். அங்கே வயதான சாமியார், காது மந்தம். நான் முணுமுணுத்தது அவருக்கு எவ்வளவு கேட்டதோ, மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். சொன்னேன். அதில் தீர்ந்துபோகிற பாவமா இது? தீரவில்லை என்று முழங்கால் போட்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது.

கட்டை முடிந்து துப்பாக்கியைப் பூட்டிக் கொண்டுவந்தபோது ஆபீசே சுற்றி நின்று பார்த்தது. மேனேஜர், "புதுப்பொண்ணு மாதிரி இருக்குதேய்யா!" என்றார். கன்மேன் அண்ணா அதை ஸ்டாண்டில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். இரண்டு கடிதம் எழுத வேண்டும் என்றார். துப்பாக்கியை டீலரிடம் ஒப்படைத்துவிட்டு லைசென்சைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒன்று. வேலையை விடுகிறேன் என்று ஒன்று.

மேனேஜர் ஓடி வந்தார். ஹெட் ஆபீசில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டுவிட்டார்கள், ஏன் இந்தப் பிடிவாதம் என்று கெஞ்சினார். "கட்டைதான் சரியாயிடுச்சே!"

"கட்டை சரியாயிடுச்சு சார். கை?" என்றார் அவர்.

எழுதினேன். ஹெல்த் கிரவுண்ட்ஸ் என்று காரணம் போட்டேன், கௌரவமாக இருக்கட்டும் என்று. படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"உடம்பு சரியில்லைன்னா எழுதினே? உடம்பு நல்லாதானே இருக்குது. கை மேல நம்பிக்கை போயிடுச்சுன்னு எழுதும்மா."

கிழித்துப் போட்டு வேறு எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீ இல்லாட்டி எனக்கு யாரு இதெல்லாம் எழுதிக் குடுப்பாங்க," என்றார். நன்றி சொல்கிறாராம். அன்றைக்கு பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து கேஷ் எண்ணினேன். இரண்டு மாதத்தில் எனக்கு வேலை நிரந்தரமானது. அதற்குப்பிறகு சொல்ல என்ன தடை? ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

எட்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் பழைய அட்டெண்டரைப் பார்த்தேன். அந்த மோட்டார் போடாத சோம்பேறிதான். கன்மேன் அண்ணா பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறாராம், இவன் அந்தப் பக்கம் போனால் பார்ப்பானாம். "இன்னும் அதே ஆள்தான் மேடம். பேத்தியை ஒரு நாளும் தூக்கினதில்லையாம். எங்கியாவது பாப்பா விழுந்து அழுதாக்கூட, பொண்ணைத்தான் கூப்பிடறாராம். துப்பாக்கி விழுந்ததைச் சொல்லிச் சொல்லிக் காட்டறாரு," என்று சிரித்தான். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான்.

அந்த வார சனிக்கிழமையே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூண்டு. நீலச் சட்டை, கையில் விசில். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஸ்டெல்லாம்மா! நீயா? வா, வா. உக்காரு. இன்னும் அடுகோடியிலதான் இருக்கியா?" தன் ஸ்டூலைத் துண்டால் துடைத்து எனக்குப் போட்டார். அப்புறம் விஸிட்டர் ரிஜிஸ்டரை நீட்டினார். "தப்பா நினைக்காதே, யார் வந்தாலும் எழுதணும்." எழுதினேன். வந்த காரணம் என்ற இடத்தில் பர்சனல் என்று போட்டேன். பக்கத்தில் இருந்த இளவட்ட வாட்ச்மேனிடம், "இந்தம்மாதான் எனக்கு எல்லாம் எழுதிக் குடுத்தவங்க. ரொம்ப நல்ல பொண்ணு," என்றார். அவன் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே ரவுண்டு போனான்.

பேத்தியைப் பற்றிக் கேட்டேன். "மூணாங்கிளாஸ் போவுது. வாய்னா வாய், உன்னாட்டம்," என்று சிரித்தார்.

அதற்குமேல் தாமதித்தால் எண்ணெய் வாசனை, வெயில், தலைவலி என்று ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் ஒரே மூச்சில் சொன்னேன். பெட்ஷீட்டில் மடிப்பு இருந்தது, இழுத்தேன், விழுந்தது, நான்தான் குங்குமம் வைத்து மறைத்தேன், நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்கண்ணா என்று சொல்லத்தான் நினைத்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் போய் நம்பரை எழுதினார், மணியைப் பார்த்து எழுதினார், தடுப்புக் கம்பியை ஏற்றினார், லாரி போனதும் இறக்கினார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அன்னிக்கே கேட்டேனேம்மா உன்னை," என்றார்.

"ஆமாண்ணா."

"அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சுண்ணா."

இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். புறங்கையைப் பார்த்தார், திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். எதைத் தேடினாரோ எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பாப்பா இப்போ மூணாங்கிளாஸ். வெயிட்டாயிடுச்சு. இனிமே எங்க தூக்கறது," என்றார். என்னிடம் சொல்லவில்லை. கையிடம்தான் சொன்னார்.

நான் அழுதேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து விஸிட்டர் ரிஜிஸ்டரை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, என் பக்கம் திருப்பி வைத்தார். வெளியே போகும் நேரம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. பேனாவை வாங்கி, கண்ணீரில் கூண்டுக் கடிகாரம் சரியாகத் தெரியாமல், பதினொன்றே முக்கால் என்று எழுதப்போனேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"பதினொண்ணு நாப்பத்திரண்டு," என்றார். "சரியா எழுதுங்க மேடம்."